தேன்மொழிக்கு, உன் இரண்டாம் இயலைப் படித்துவிட்டு

அன்புள்ள தேன்மொழி,

நீ அனுப்பிய ஆய்வேட்டு இயலைப் படித்து முடித்துவிட்டேன். அதைப் பற்றிப் பேசுமுன் ஒன்று. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்துவிட்டு, காலையில் வெறும் டீயோடு நூலகத்துக்கு ஓடுகிறாயாமே? அண்ணி போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உன் அப்பாவும் படிக்கிற காலத்தில் இப்படித்தான் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு இன்றைக்கும் மாத்திரையோடு இருக்கிறார். நாலு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ, கண்ணு.

நெறியாளர் "வெறும் விவரணையாக இருக்கிறது" என்று எழுதியதற்காக அழுதாயாம். அவர் சொன்னது சரி. ஆனால் அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. வெயிலில் உத்திரமேரூர் போய், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்லும், சோழ அரசன் முதலாம் பராந்தகனின் இரண்டு கல்வெட்டுகளையும் நேரே பார்த்து, வரி வரியாக ஒப்பிட்டிருக்கிறாய். அந்த விவரணையை யாரும் குறை சொல்ல முடியாது. விவரணை மட்டமான வேலை என்று நினைக்காதே. நொபொரு கராஷிமாவும் சுப்பராயலுவும் மட்சுயியும் சோழர் கல்வெட்டுப் பெயர்களை எல்லாம் தொகுத்து 1978இல் மூன்று தொகுதியாகக் கொண்டுவந்தார்களே, அதுவும் விவரணைதான். அதன்மேல் நின்றுதான் பிறகு எத்தனையோ பேர் ஆராய்ந்தார்கள். உன் இயலில் குறை என்னவென்றால், விவரித்து முடித்த கையோடு ஒரே தாவலாகத் தாவி, "இதுவே உலகின் முதல் ஜனநாயகத் தேர்தல்" என்று முடித்துவிட்டாய். நடுவில் இருக்க வேண்டிய வேலை எதுவுமே இல்லை.

நடு வேலை என்றால் முதலில் பகுப்பாய்வு. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வாரியத்துக்கு, அதாவது சபையின் குழுவுக்கு, வருகிறவரின் வயது 30 முதல் 60 வரை. 921இல் அது 35 முதல் 70 ஆகிவிடுகிறது. இதை நீ கவனித்திருக்கிறாய், ஆனால் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டாய். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் பெரிதாகக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஒரு சபை தான் போட்ட விதியை இரண்டே வருஷத்தில் ஏன் திருத்துகிறது? தகுதிகளைப் பிரித்து வைத்துப் பார். இறை செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு ஒரு பக்கம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் வரக்கூடாது, கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவன் வரக்கூடாது என்ற தடைகள் இன்னொரு பக்கம். சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்குள்ளேயே யாரோ சிலர் கணக்கில் கைவைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு அந்தத் தடைகளைப் படிக்கும்போது வருகிறது. உனக்கு வேறு மாதிரித் தோன்றலாம். தோன்றுவதை எழுது, எந்த வரி அப்படித் தோன்றவைத்தது என்பதையும் சேர்த்து எழுது.

அடுத்து வாதம். குடவோலை நடந்த விதத்தை நீயே அழகாக எழுதியிருக்கிறாய். குடும்பு குடும்பாக, அதாவது ஊரின் பகுதி வாரியாக, பெயர் தீட்டிய ஓலைகளைக் குடத்தில் இடுகிறார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்கிறார்கள். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி எல்லோரும் கேட்க வாசிக்கிறான். விரலை ஏன் விரிக்க வேண்டும்? கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்குத்தானே. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் தேன்மொழி, அது குலுக்கல். யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. பிரமதேயச் சபை அது, பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரின் சபை. பெண்களுக்கோ நிலமில்லாத உழவனுக்கோ அங்கே இடமில்லை. இத்தனையையும் பக்கத்துக்குப் பக்கம் எழுதிவிட்டு முடிவில் "ஜனநாயகம்" என்றால், உன் சான்றே உன் முடிவை எதிர்க்கிறது. நம் ஊர்ப் பெருமை எனக்கும் உண்டு. அந்தப் பெருமைக்காகக் கல்லில் இல்லாததைக் கல்லின்மேல் ஏற்றக்கூடாது. ஊழலைத் தடுக்க ஒரு சபை எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறது என்று வாதிட்டுப் பார். அதற்குக் கல்வெட்டு கடைசி வரை உன்னோடு வரும்.

திறனாய்வுப் பகுதி இன்னும் பலவீனம். நீலகண்ட சாஸ்திரி 1932இல் எழுதியதையும், பர்ட்டன் ஸ்டைன் 1980இல் எழுதியதையும் அடுத்தடுத்த பத்தியில் சுருக்கித் தந்துவிட்டு நகர்ந்துவிட்டாய். நீ யார் பக்கம்? சோழ அரசனின் நேரடிப் பிடி நடு மண்டலத்தோடு சரி, மற்ற இடங்களில் அவன் பெயரளவுக்குத்தான் என்பது ஸ்டைன் வாதம். கராஷிமாவும் சம்பகலட்சுமியும் அதை எதிர்த்தவர்கள். உன் கையிலிருக்கும் இரண்டு கல்வெட்டிலுமே, அரசன் ஆணைப்படி வந்த அதிகாரி உடனிருக்கத்தான் சபை கூடி விதி செய்கிறது! இது தன்னாட்சியா, அரசனின் கையா? இவ்வளவு நல்ல சான்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாமா? பெரியவர்களை மறுப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதே. அவர்கள் சொன்னதை முதலில் நேர்மையாக, அவர்களே ஒத்துக்கொள்ளும்படி எடுத்துச் சொல். பிறகு எந்த இடத்தில் உனக்கு ஒப்பவில்லை என்று சொல். அதுதான் மரியாதை.

நடையைப் பற்றிக் கொஞ்சம். "ஈண்டு நோக்கத்தக்கது", "காணுங்கால்" எல்லாம் எதற்கு? நீ பேசும்போது எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாய்! ஆய்வு நடைக்கு வேண்டியது கடினம் இல்லை, அளவு. "சோழ நாடு முழுவதும் இம்முறை இருந்தது" என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் இருப்பது ஓர் ஊர். திருச்சிப் பக்கத்து அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் வைத்துக் கராஷிமா எழுதிய கட்டுரையைத் திரும்பப் படி. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே நில உடைமை வேறு வேறாக இருந்ததை அவர் காட்டுகிறார். "இவ்வூரில் இருந்தது, பிற ஊர்களிலும் இருந்திருக்கலாம்" என்று எழுதினால் உன் வாதம் ஒன்றும் இளைத்துவிடாது.

கடைசியாக ஒன்று, இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். பதினேழாம் பக்கத்தில் நடை திடீரென்று மாறுகிறது. அந்த இரண்டு பத்தி உன் எழுத்து இல்லை. எங்கிருந்து எடுத்தாய் என்று அடிக்குறிப்பும் இல்லை. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) போட்ட விதிப்படி ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொல்வார்கள், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இரண்டு பத்தி அவ்வளவுக்குப் போகாது என்று உனக்கும் தெரியும். ஆனால் இன்னொருவர் உழைப்பை அவர் பெயர் சொல்லாமல் எடுப்பது நம் வீட்டில் யாரும் செய்யாதது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு உன் வார்த்தையில் எழுது.

முழு இயலையும் ஒரே மூச்சில் திருத்த உட்காராதே. வயது மாறிய அந்த ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து பக்கம் எழுதி அனுப்பு. அது சரியாக வந்தால் மற்றது தானாக வழிக்கு வரும். சாஸ்திரி நூல் என் அலமாரியில்தான் இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள். நெறியாளருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் போட்டு, திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிடு. அவரைக் காக்க வைக்காதே.

மாமாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அத்தை