மல்லாட்டை எண்ணெயும் முயலின் சாட்சியமும்

திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை எனச் சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையை ஒட்டி வளரும் குடியிருப்புகளிலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, மரச்செக்கு எண்ணெய்க்கு மீண்டும் மதிப்பு வந்துள்ளது. அவ்வெண்ணெயை விற்போர் கடலை எண்ணெயைப் பற்றி வழக்கமாக இரண்டு செய்திகளைச் சொல்கின்றனர்: அது முன்னோர் காலங்காலமாக உண்டது, ஆகவே அது உடலுக்கு நல்லது. இவ்விரண்டையும் இணைக்கும் 'ஆகவே' என்ற சொல்லின் மீது எழுந்த ஐயமே இத்தேடலுக்குத் தொடக்கம்.

பழமையைப் பொறுத்தவரை மொழியே எதிர்ச்சாட்சி கூறுகிறது. 'எண்ணெய்' என்ற சொல் எள்ளும் நெய்யும் புணர்ந்து பிறந்தது. அதாவது, தமிழருக்கு எண்ணெய் என்றாலே முதலில் எள்ளின் நெய்தான். சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிலின் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடையளிக்கப்பட்டதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றன. அந்த ஆடுகளின் பாலிலிருந்து கிடைத்த நெய்யே விளக்கை எரித்தது. நிலக்கடலையோ தென் அமெரிக்காவின் செடி. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் கப்பல்கள் அக்கண்டத்தை எட்டும்வரை இந்நிலத்தில் அதை அறிந்தவர் இலர். செக்கு பழையது, அதில் விழும் பருப்பு புதியது. பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய ஊர் திருநின்றவூர் என்பதால், இல்லாத பழமையொன்றை மனத்தில் எழுப்பிக்கொள்வதும் அவ்வூருக்கு அந்நியமானதன்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து இவ்வூருக்கு வாழவந்த, இக்கட்டுரையாளரின் பாட்டி, அக்கம்பக்கத்தார் 'வேர்க்கடலை' என்றபோதும் 'மல்லாட்டை' என்ற சொல்லைக் கைவிட்டதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் இன்றும் வழங்கும் அச்சொல் 'மணிலாக்கொட்டை' என்பதன் தேய்ந்த வடிவம். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் வழியை அது சுட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரியிலிருந்து மார்செய்ல் நகருக்குக் கப்பலேறி, அங்கே எண்ணெயாகி, சோப்பாகவும் ஆனது. முன்னோர் உண்டதாகப் போற்றப்படும் எண்ணெயின் வரலாற்றில் ஒரு பகுதி பிரெஞ்சுக்காரர் குளியலறையில் கழிந்தது என்பதை விற்பனையாளர் எவரும் சொல்வதில்லை.

பழமை உதிர்ந்துவிட்டால் எஞ்சுவது சத்து. 100 கிராம் கடலை எண்ணெயில் ஏறத்தாழ 884 கிலோ கலோரி ஆற்றல் உண்டு. அது முழுவதும் கொழுப்பிலிருந்தே வருகிறது. அக்கொழுப்பில் சுமார் 17 கிராம் நிறைவுற்றது, அதாவது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தும் வகையைச் சேர்ந்தது; தேங்காய் எண்ணெயில் இது 80 கிராமுக்கும் மேல். சுமார் 46 கிராம் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயின் புகழுக்குக் காரணமான ஒலீயிக் அமிலம். சுமார் 32 கிராம் பன்மை நிறைவுறாக் கொழுப்பு, அதாவது உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத லினோலீயிக் அமிலம். வைட்டமின் ஈ ஏறக்குறைய 15 மில்லிகிராம் உண்டு. ஒமேகா-3 வகைக் கொழுப்பு இல்லை என்றே கொள்ளலாம். அதற்கு மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களையோ ஆளி விதையையோ நாட வேண்டும். கடலையின் பெருமையாகப் பேசப்படும் புரதமும் நார்ச்சத்தும் எண்ணெயில் ஒரு துளியும் இல்லை. அவை பிண்ணாக்கோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகின்றன.

இந்தக் கணக்கோடு தேடல் நிறைவுற்றிருக்கும், ஒரு முயல் குறுக்கிடாதிருந்தால். 1971இல் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் கிரிட்செவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் முயல்களுக்குக் கொலஸ்டிராலும் எண்ணெயும் கலந்த தீவனத்தைக் கொடுத்து, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதை அளந்தபோது, சோள எண்ணெய் தின்ற முயல்களைவிடக் கடலை எண்ணெய் தின்றவற்றில் படிவு மிகுந்திருந்தது. கொழுப்பமிலங்களின் பட்டியலைக் கொண்டு இதை விளக்க முடியவில்லை. கடலையின் தாவரவியற் பெயரான 'அராக்கிஸ்' என்பதிலிருந்தே பெயர் பெற்ற அராக்கிடிக் அமிலம் போன்ற நீள்சங்கிலி அமிலங்களின் மீது ஐயம் விழுந்தது. பின்னர் ஒரே அமிலங்களை எண்ணெய் மூலக்கூறுக்குள் இடம் மாற்றி அடுக்கிக் கொடுத்ததும் பாதிப்பு குறைந்ததால், அமிலம் எதுவென்பதைக் காட்டிலும் அது அமர்ந்த இடமே காரணமோ என்ற கேள்வி எழுந்தது. 1990களில் பழி, எண்ணெயில் தங்கியிருக்கும் லெக்டின் என்ற புரதத்தின் மீது திரும்பியது; காரநீரால் கழுவி லெக்டினைக் குறைத்த எண்ணெய் முயலுக்குக் குறைவாகவே தீங்கு செய்தது. புரதம் துளியும் இல்லை என்று முன்னே எழுதிய வரியை இது சற்றே திருத்துகிறது: ஊட்டச்சத்து அளவில் இல்லை, சுவடளவில் உண்டு. கடலை ஒவ்வாமை உடையோர் சுத்திகரிக்காத எண்ணெயை அஞ்சுவதும் அச்சுவட்டினால்தான்.

ஆனால் முயல் புல் தின்னும் விலங்கு. கொலஸ்டிரால் அதன் இயல்பான உணவில் இடம்பெறுவதே இல்லை. முயலைப் பின்தொடர்ந்த வழி அங்கே அடைபட்டது. 1999இல் பென்னி கிரிஸ்-எதர்டன் குழுவினர் 22 பேருக்கு ஐந்து வகை உணவுமுறைகளை மாற்றி மாற்றி அளித்து வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அமெரிக்க உணவோடு ஒப்பிடுகையில், ஆலிவ் எண்ணெய், கடலை எண்ணெய், கடலை ஆகியவற்றைச் சேர்த்த உணவுமுறைகள் தீய கொலஸ்டிராலை ஏறத்தாழ 14 விழுக்காடும், டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பை 13 விழுக்காடும் குறைத்தன. முயலைவிட இந்த 22 பேரின் சாட்சியமே மனித அடுப்படிக்கு நெருக்கமானது.

மரச்செக்கா, சுத்திகரித்ததா என்ற வழக்கிலும் தீர்ப்பு ஒருதலையானதன்று. செக்கெண்ணெயில் மணமும் வைட்டமின் ஈயும் கூடுதலாகத் தங்குகின்றன. ஆனால் 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனக் கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் வழியே கண்டறியப்பட்ட அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு, பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கினாலும், வடிகட்டிய செக்கெண்ணெயிலும் ஓரளவு கலக்கும். அதை நீக்குவது சுத்திகரிப்பின் கார வினையே. எனவே செக்கின் மரம் வாகையா என்று கேட்பதைவிட, அதில் இடப்படும் பருப்பு நன்கு காய்ந்ததா, பூஞ்சை பிடித்தவை பொறுக்கி எறியப்பட்டனவா என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி.

அளவுக் கணக்கு இன்னும் கடுமையானது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராமும் பெண்ணுக்கு 20 கிராமும் சமையற் கொழுப்பு போதும். ஆண் இருவரும் பெண் இருவருமாக வளர்ந்தோர் நால்வர் உள்ள வீட்டுக்கு இது நாளொன்றுக்கு 90 கிராம், மாதத்துக்கு 2,700 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்று லிட்டர். அந்த மூன்று லிட்டரில் தாளிப்பும் பொரியலும் மட்டுமன்றி, நெய்யும் வெண்ணெயும், மாலை ரயிலிலிருந்து இறங்கியவுடன் நிலைய வாசலில் வாங்கித் தின்னும் பஜ்ஜி குடித்த எண்ணெயும் அடங்க வேண்டும்.