புன்னை மரமும் மூன்று ஜார்ஜ்டவுன்களும்



கட்டுரை திருத்தும் ஆசிரியருக்குச் சிவப்பு மையின்மீது அளவுகடந்த நம்பிக்கை உண்டு. எனக்கும் இருந்தது. 'நான் வாழும் ஊர்' என்னும் தலைப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "எங்கள் ஜார்ஜ்டவுனின் பெயரில் வேறொரு நாட்டின் தலைநகரமும் இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். அவ்வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் 'கற்பனை வேண்டாம்' என்று குறித்தேன்.

மறுநாள் நிலப்பட நூலோடு வந்து நின்றாள். தென் அமெரிக்காவின் கயானா நாட்டின்மீது அவள் விரல் இருந்தது. வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தேன். மையைத்தான் அழிக்க முடியவில்லை.

அன்றிரவு அந்தப் பெயரையே எண்ணிக்கொண்டிருந்தேன். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கி, தாம் அமைத்த நகருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டினார். கயானாவின் தலைநகரமோ டச்சுக்காரர் காலத்தில் ஸ்டாப்ரூக் என வழங்கியது. ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், 1812இல் அதே மன்னரின் பெயரைப் பெற்றது. சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டல்லவா? அதுவும் அவர் பெயரே என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அது அவருடைய எள்ளுப்பேரனாகிய ஐந்தாம் ஜார்ஜின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

அதற்கு முன் அப்பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் 'பிளாக் டவுன்', அதாவது கறுப்பர் நகரம். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே நம்மவர். முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என அழகிய பெயர்கள் அங்கேயே இருந்தன. அவற்றைக் கேட்டறிய அவர்களுக்கு நேரமில்லை போலும்! இழிசொல்லை நீக்கியது நன்றே. ஆனால் அந்த இடத்தில் மீண்டும் அவர்களுடைய அரசர் பெயரே அமர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் பலர். அவர்கள் வழிவந்தோரை அங்கே 'மதராசிகள்' என்பர். மாரியம்மன் வழிபாடு இன்றும் அவர்களிடம் உண்டு. கறுப்பர் நகரத்தை அடுத்த கரையில் கப்பலேறி ஜார்ஜ்டவுனில் இறங்கியவர்கள் அவர்கள். தாய்மண்ணில் அப்பெயர் வருவதற்கு முன்பே கடலுக்கப்பால் அதை உச்சரித்துப் பழகிவிட்டார்கள்.

நம் பினாங்கு நகரம் நின்ற நிலமுனைக்கு மலாய்க்காரர் வைத்த பெயர் தஞ்சோங் பெனாகா. தஞ்சோங் என்றால் முனை. பெனாகா என்பது கடலோரத்தில் வளரும் ஒரு மரம். பேச்சில் இன்றும் மலாய்க்காரரும் சீனரும் நகரைத் 'தஞ்சோங்' என்றே சொல்வதைக் கேட்கலாம். அந்தப் பெனாகா எதுவெனத் தேடியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நம் புன்னை! நெய்தல் நிலத்து மரமென்று இலக்கியப் பாடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நான் நாள்தோறும் வேலைக்குப் போகும் ஊரே புன்னைமுனை என்பது தெரியாமலே.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் கடற்கரையோரம் வண்டியை நிறுத்தி, உதிர்ந்து கிடந்த புன்னைக் காய்களைப் பொறுக்கிக்கொண்டு போனேன். கோலிக்குண்டு போல உருண்டையானவை. முதற்காயை அந்த மாணவியிடம் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, கயானாவிலும் இந்த மரம் இருக்குமா?" என்றாள்.

இம்முறை நிலப்பட நூலை நான்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது.