அம்மாவின் பிஸ்கட் டப்பா

அம்மா தம் மாத்திரைகளையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில்தான் வைத்திருந்தார். 2022-ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலப் பெண் ஒருவர், கும்மிடிப்பூண்டியில் உள்ள எங்கள் வீட்டுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்தார். "வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று அவர் கேட்க, அம்மா டப்பாவைத் திண்ணையில் கவிழ்த்தார். சிப்காட்டில் இரவுப் பணி முடித்து அப்போதுதான் திரும்பியிருந்த நானும் அந்தக் குவியலைப் பார்த்தேன். மாதந்தோறும் அவற்றை வாங்கி வந்தவன் நானே. ஆயினும் ஒன்றாகப் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பெண்ணின் வற்புறுத்தலால் டப்பாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர், அட்டைகளை நாங்கள் வாங்கத் தொடங்கிய வரிசையில் அடுக்கச் சொன்னார்.

எங்கள் குடும்ப மருத்துவர் இரத்த அழுத்தத்துக்கு முதலில் கொடுத்தது அம்லோடிபின் 5 மில்லிகிராம். நல்ல மருந்து, அதில் தவறில்லை. சில மாதங்களில் அம்மாவின் கணுக்கால்கள் வீங்கின. ஞாயிறு திருப்பலிக்குப் போட்டுச் செல்லும் செருப்பு நுழையவில்லை. 'உடம்பில் நீர் சேர்கிறது' என்று ப்யூரோசிமைடு என்னும் நீர் மாத்திரை வந்தது. உண்மையில் அம்லோடிபின் நுண்ணிய தமனிகளை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. உடம்பில் நீர் மிகுவதால் அன்று. ஆகவே நீர் மாத்திரையால் அந்த வீக்கம் அவ்வளவாக வடியாது, பொட்டாசியம்தான் வெளியேறும். இரவில் கெண்டைக்கால் பிடித்திழுக்க அம்மா அலறுவார். அதற்கு டைக்ளோபினாக் வந்தது. அந்த வலி மாத்திரையோ உப்பை உடலில் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்தும். நீர் மாத்திரையுடன் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் வருத்தும். அழுத்தம் ஏறியது. அம்லோடிபின் 10 மில்லிகிராம் ஆயிற்று. வீக்கம் இன்னும் கூடியது.

மருந்தின் விளைவையே புதிய நோய் என்று எண்ணி மேலும் மருந்து எழுதுகிற இத்தவற்றைப் பற்றிக் கனடாவின் பவுலா ரோஷனும் அமெரிக்காவின் ஜெரி குர்விட்ஸும் 1997-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். அதற்கு அவர்கள் வைத்த பெயரே அருவியைக் குறிப்பதுதான்.

குடும்ப மருத்துவர்மீது எனக்குக் கடுங்கோபம். நேரில் சென்று சொன்னேன். மாலையில் வேலை விட்டு வருவோர் வாசல்வரை நிற்கும் சிறிய அறை அது. ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். சீட்டுகளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "நான்தான் கவனித்திருக்க வேண்டும், தம்பி" என்றார். பிறகு, "மாத்திரை கொடுங்கள் என்றுதான் எல்லாரும் வருகிறார்கள். எதை நிறுத்தலாம் என்று ஒருவரும் கேட்டதில்லை" என்றார்.

அது சமாதானம் ஆகாது. ஆனால் பொய்யும் அன்று. வலி மாத்திரைக்கான பழைய சீட்டையே மருந்துக் கடையில் நீட்டி, அவரிடம் காட்டாமல் பல மாதம் வாங்கியவன் நான்தானே!

சுகாதார நிலைய மருத்துவர் வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார். மற்றவற்றை இரத்தப் பரிசோதனை செய்து செய்து, ஒவ்வொன்றாகக் குறைத்தும் மாற்றியும் தந்தார். (நாமாக நிறுத்துவது வேறோர் ஆபத்து என்று அம்மாவை எச்சரிக்கவும் செய்தார்.) ஆறு வாரத்தில் செருப்பு நுழைந்தது. டப்பாவில் இப்போது இரண்டே அட்டைகள். 2.1 வரை ஏறியிருந்த கிரியாட்டினின் 1.5-க்கு இறங்கியது, அதற்குக் கீழே இன்றுவரை வரவில்லை.