எடைக்குப் போட்ட அட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியின் பேத்தி மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். "தாத்தா, அடிக்குறிப்பையெல்லாம் வேற முறையில மாத்தித் தரச் சொல்லிட்டார் நெறியாளர். முந்நூறுக்கு மேல இருக்கு" என்றாள். அழாத குறை.

முப்பத்திரண்டு வருடம் கல்லூரி நூலகராக இருந்தவன் நான். அவள் முகத்தைப் பார்த்ததும் என் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது.

எங்கள் நூலகத்தில் முதலில் அட்டைப் பட்டியல்தான். சின்னச் சின்ன இழுப்பறைகள், கம்பியில் கோத்த அட்டைகள். ஆசிரியர் பெயருக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. பிறகு கணினி வந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளை விலைக்கு வாங்கினோம். நானும் உதவியாளரும் இரண்டு கோடை விடுமுறைகளை அதற்கே கொடுத்து, பதினாலாயிரம் புத்தகங்களின் விவரங்களை ஏற்றினோம். "இனி அட்டை எதற்கு?" என்றார்கள். எடைக்குப் போட்டுவிட்டோம். தடுக்காமல் நின்றது என் தவறு.

ஆறாவது வருடம் அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். எங்கள் கணினியும் படுத்துவிட்டது. நகல் கையில் இருந்தது, ஆனால் வேறு எந்த மென்பொருளாலும் அதைத் திறக்க முடியவில்லை. எங்கள் உழைப்பு, பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. சாவி எங்களிடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கோஹாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற பகுதியின் நூலகங்களுக்காக 1999இல் எழுதப்பட்டது. 2000 பிறந்தால் பழைய மென்பொருள் தேதியைத் தவறாகக் கணக்கிடும் என்ற பயம் அவர்களுக்கு. புதிதாக ஒன்றை எழுதி வாங்கி, மூல நிரலோடு உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு.

அக்செஷன் ரிஜிஸ்டரை வைத்து மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினோம். இலவசம் என்றாலும் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். சர்வர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் விவரங்கள் மார்க் என்ற பொது அமைப்பில் இருக்கின்றன. நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் கூடவே எடுத்துப் போகலாம்.

பேத்திக்கு ஜோட்டீரோவைக் காட்டினேன். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்தது. இதுவும் திறந்த மூல மென்பொருள். நூல் விவரத்தை ஒருமுறை ஏற்றி, எழுதும்போது அதிலிருந்தே மேற்கோள் சேர்த்தால் போதும். முறையை மாற்றச் சொன்னால் எல்லா அடிக்குறிப்பும் சேர்ந்து மாறிவிடும். அவள் கையால் தட்டியவற்றை மட்டும் ஒருமுறை உள்ளே ஏற்றித்தான் ஆகவேண்டும்.

நம் பெயர்களில்தான் கொஞ்சம் கவனம் தேவை. அதில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். 'சாமிநாதையர்' முதல் கட்டத்தில், 'உ.வே.' அடுத்ததில். புதுமைப்பித்தனுக்கு அதை ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ளலாம். சாமிநாதையர், சாமிநாத ஐயர் என்று ஆளுக்கொரு விதமாக அச்சிட்டிருப்பார்கள். ஒன்றைத் தீர்மானித்து அதையே எழுதவேண்டும். இதைக் கணினி நமக்காகச் செய்யாது. அட்டை காலத்திலும் இது நூலகரின் வேலைதான்.

வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது எங்கள் ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது. மூன்று நாள் மாலையில் பேத்தியின் வேலை முடிந்தது. "மாசம் ஒருமுறை மொத்தத்தையும் ஏற்றுமதி பண்ணி தனியா ஒரு நகல் வச்சுக்கோம்மா" என்று சொல்லி, என் கதையையும் சொன்னேன்.

"அந்த அட்டைக்கெல்லாம் எவ்வளவு கொடுத்தாங்க தாத்தா?" என்று கேட்டாள்.

கிடைத்த காசில் நாங்கள் நான்கு பேர் டீயும் வடையும் சாப்பிட்டோம் அம்மா.