நிலக்கரிக்காரர் மகன் துயிலும் கோவில்

பிரஸ்ஸல்ஸ் மாநகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களோடு திரும்பிவிடுகின்றனர். பொன் முலாம் பூசிய மாளிகைகள் சூழ்ந்த பெரிய சதுக்கம், இரட்டைக் கோபுரப் பேராலயம், தெரு மூலையில் நின்று நீர் சொரியும் சின்னஞ்சிறு வெண்கலச் சிறுவன் ஆகிய இவற்றோடு பயணம் முடிந்துவிடும். நாமும் அவற்றைப் பார்த்தோம், குறை கூறுவதற்கில்லை. ஆயினும் நாம் கடல் கடந்து சென்றது அவற்றுக்காக அன்று. நெஞ்சில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வியே நம்மை அங்கே இழுத்துச் சென்றது.

பல ஆண்டுகள் நம் பங்கில் இளைஞர் குழு ஒன்றை நடத்தி வந்தோம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் செபம், பாட்டு, பிறகு நீண்டதொரு போதனை. பேசியவர் எப்போதும் நாமே. பள்ளியில் பயின்ற வரை பிள்ளைகள் தவறாது வந்தனர். நூற்பாலையிலும் பின்னலாடைக் கம்பெனியிலும் வேலை கிடைத்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். அவர்களுள் ஒருவன் நம் ஞானமகன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஓரிரவு வீடு தேடி வந்தான். உடன் உழைப்போரின் ஓவர்டைம் கணக்கைக் குறைத்து எழுதும்படி மேற்பார்வையாளர் சொல்கிறார். மறுத்தால் வேலை போகும். எழுதினால் பக்கத்தில் நிற்பவன் முகத்தில் எப்படி விழிப்பது? இதுவே அவன் கவலை. நாம் அவனுக்குப் பத்துக் கட்டளைகளை விளக்கி, ஒரு திருப்படமும் கொடுத்தனுப்பினோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்: “நீங்க சொன்னது எனக்கும் தெரியும் மாமா. அங்கே எப்படி நிக்கிறதுன்னுதான் கேட்டேன்.” அதன்பின் அவன் அதைப் பற்றி நம்மிடம் பேசியதே இல்லை.

அந்தக் கேள்விக்குச் செவிசாய்த்தே தம் வாழ்நாளைக் கழித்த குருவானவர் ஒருவர் பெல்ஜியம் நாட்டில் இருந்தார். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தோற்றுவித்த கர்தினால் ஜோசப் கார்டைன் அவர்களே அவர். இ.கி.தொ., இ.கி.மா. என்னும் எழுத்துக்கள் நம் மறைமாவட்டங்களின் பழைய தலைமுறையினருக்குப் புதியவை அல்ல. ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்ற மூன்று சொற்களை நம்மில் பலர் கூட்டங்களில் ஒப்பித்தும் இருக்கிறோம். அவை பிறந்த மண்ணை மிதித்துப் பார்க்க விரும்பினோம்.

முதலில் ஹாலே நகருக்குச் சென்றோம். பிரஸ்ஸல்ஸ் தென் நிலையத்தில் இரயிலேறினால், இருக்கையில் நன்றாகச் சாய்ந்து அமர்வதற்குள் ஊர் வந்துவிடுகிறது. சேன் ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம் அது. ஆனால் அங்குள்ள புனித மார்ட்டீன் ஆலயம் சிறியதன்று. நம் மக்கள் வேளாங்கண்ணிக்குச் செல்வதுபோல் அந்நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாக இங்குள்ள கரிய நிறத் தேவதாயை நாடி வருகின்றனர். கோவிலுக்குள் கம்பிக் கதவின் பின்னே பீரங்கிக் குண்டுகளைக் குவித்து வைத்திருக்கின்றனர். ஊரைப் பகைவர் முற்றுகையிட்ட 1489-ஆம் ஆண்டிலும் 1580-ஆம் ஆண்டிலும் பாய்ந்து வந்த குண்டுகளை அன்னை தம் மடியில் ஏந்திக்கொண்டார் என்றும், அந்த வெடிமருந்துப் புகையால்தான் திருமுகம் கறுத்தது என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மெழுகுதிரி ஏற்றிவிட்டு நாமும் சற்று நேரம் முழந்தாளிட்டோம்.

1882-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரையடுத்த ஸ்கார்பேக்கில் பிறந்த ஜோசப், குழந்தைப் பருவத்தைக் கழித்தது இந்த ஹாலேயில்தான். தந்தை எழுதப் படிக்கத் தெரியாதவர். நிலக்கரி விற்றுப் பிழைத்தவர். தாயார் வீட்டு வேலை செய்து வாழ்ந்தவர். விடியுமுன் படுக்கையில் கிடந்தபடியே, ஆலைக்குச் செல்லும் ஆண், பெண், சிறுவர்களின் மரச் செருப்போசையைக் கேட்டதைப் பிற்காலத்தில் கார்டைன் நினைவுகூர்ந்ததுண்டு. 12 வயது நிரம்பாதவரை ஆலை வேலையில் சேர்க்கலாகாது என்று அந்நாட்டில் சட்டம் வந்ததே 1889-இல்தான். பன்னிரண்டு முடிந்துவிட்டால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கத் தடையில்லை. ஆகவே பள்ளியை முடித்த தோழர்கள் ஆலைக்குச் சென்றனர். ஜோசப்பும் செல்லவேண்டிய காலம் வந்தது.

அதற்கு முன்தினம் இரவு, உடன்பிறந்தோர் உறங்கிய பின், வெறுங்காலோடு படியிறங்கி வந்து, தாம் குருவாக விரும்புவதாகப் பெற்றோரிடம் சொன்னாராம். களைத்துப்போயிருந்த தந்தை மனைவியைப் பார்த்து, இதுவரை உழைத்தது போதாது, இன்னும் உழைப்போம் என்ற கருத்தில் பேசினாராம். நம் ஊரிலும் எத்தனை தகப்பன்மார் இப்படிச் சொல்லியிருப்பர்!

இனி வருவதுதான் இக்கதையின் முள். குருமடத்திலிருந்து விடுமுறைக்குத் திரும்பிய ஜோசப், பழைய தோழர்களைத் தேடிப்போனார். சில ஆண்டுகளுக்கு முன் தம்முடன் கோவிலுக்கு வந்தவர்கள், தம்முடன் பூசைக்கு உதவியவர்கள். ஆலை அவர்களை மாற்றியிருந்தது. அவரைக் கண்டதும் விலகினர். முதலாளிமாரின் பக்கம் சேர்ந்துகொண்டவனாகவே அவரை மதித்தனர். திருச்சபை தங்களைக் கைவிட்டது என்பது அவர்கள் எண்ணம். வேறொருவராயின், ‘கெட்டுப்போன பிள்ளைகள்’ என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போயிருப்பார். ஜோசப்புக்கு அந்த முகங்கள் மறக்கவில்லை. 1903-இல் தந்தை மரணப் படுக்கையில் கிடந்தபோது, மகனைக் குருவாக்க உழைத்தே தேய்ந்த அந்தக் கைகளைப் பார்த்து, உழைக்கும் மக்களுக்காகவே தம் வாழ்வைக் கொடுப்பதாக உறுதி பூண்டார். 1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் குருமடத்தில் ஆசிரியப் பணி. அதனிடையே இங்கிலாந்து சென்று தொழிற்சங்கத் தலைவர்களைச் சந்தித்து வந்தார். 1912-இல் லாக்கன் பங்கிற்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டார்.

நாமும் ஹாலேயிலிருந்து லாக்கனுக்குத் திரும்பினோம். பிரஸ்ஸல்ஸ் நகரின் வடபுறத்தில் கால்வாயை ஒட்டிய பகுதி அது. ஒருபுறம் அரசமாளிகையும் பூங்காக்களும். மறுபுறம் அன்று தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த தெருக்கள். இரண்டுக்கும் நடுவே லாக்கன் தேவதாய் ஆலயம் வானளாவி நிற்கிறது. 1850-இல் மறைந்த லூயிஸ் மரியா அரசியின் நினைவாக, அரசர் முதலாம் லியோபோல்ட் எழுப்பத் தொடங்கிய கோவில். இதன் நிலவறையில்தான் பெல்ஜியம் நாட்டு மன்னர்களை அடக்கம் செய்கின்றனர். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ரொதேன் என்னும் சிற்பியின் புகழ்பெற்ற ‘சிந்தனையாளன்’ சிலையின் வார்ப்பொன்று ஒரு கல்லறை மீது அமர்ந்திருக்கிறது. எதிர்பாராத இடத்தில் அதைக் கண்டு நாம் திடுக்கிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மன்னர்கள் துயிலும் அதே கோவிலின் கூரைக்கடியில் நிலக்கரிக்காரர் மகனும் துயில்கிறார். 1967-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் தமது 84-ஆம் வயதில் இறந்த கர்தினாலை, அவர் இளமையில் உதவிக் குருவாகப் பணிபுரிந்த இக்கோவிலிலேயே அடக்கம் செய்தனர். நாம் சென்ற வேளையில் உள்ளே கூட்டமில்லை. கல்லறை முன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம்.

இவர் இங்கு வந்ததும் செய்தது என்ன? பங்கின் பெண்கள் பணியை அவரிடம் ஒப்படைத்தனர். வீடு வீடாகச் சென்றார். ஊசியும் நூலுமாய் இரவு பகல் உழைத்த தையற்காரப் பெண்களைச் சிறு குழுவாகக் கூட்டினார். அவர்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை, கேட்டார். காலை எத்தனை மணிக்கு எழுகிறாய்? ஒரு சட்டைக்குக் கூலி என்ன? நடுப்பகலில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? புதிதாகச் சேர்ந்த சிறுமியிடம் மூத்தவர்கள் முதல் நாள் என்ன பேசினார்கள்? பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரம் அறிந்து வரவேண்டும். இதுவே ‘பார்’ என்பது. கண்டதை எடுத்து நற்செய்தியின் முன் வைத்து, இறைவனின் பிள்ளைக்கு இது தகுமா என்று தாங்களே எடைபோடுவது ‘சீர்தூக்கு’. இந்த வாரமே தங்களால் செய்யக்கூடிய ஒன்றைத் தீர்மானித்து, செய்துவிட்டு வந்து சொல்வது ‘செயல்படு’. அந்தச் செயல் மிகச் சிறியதாக இருக்கலாம். புதிதாக வந்த பையனுக்கு அருகில் அமர்ந்து உண்பது, ஆபாசப் பேச்சு எழும்போது சிரிக்காமல் இருப்பது, கூலிச் சீட்டைப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவது போன்றவையும் செயலே.

கூட்டத்தை நடத்துபவர் குருவானவர் அல்லர்; இளம் தொழிலாளி ஒருவனே நடத்துவான். குரு பின்வரிசையில் அமர்ந்திருப்பார். முன்னதாகத் தலைவனைத் தனியே சந்தித்து உருவாக்குவது அவர் வேலை; கூட்டத்தில் பேசாதிருப்பதும் அவர் வேலை. இந்த இரண்டாவதுதான் கடினம் என்பதை, போதித்துப் பழகிய நம்மைப் போன்றோர் நன்கு அறிவோம். ஆலைக்குள் குருவானவர் நுழைய முடியாது; அங்கே இயந்திரத்தின் அருகில் நிற்பவனே அப்போஸ்தலன். அவனுக்குப் பதிலாக வேறொருவர் அங்கே நிற்க இயலாது என்ற தெளிவு கார்டைனிடம் இருந்தது.

முதல் உலகப் போரின்போது, பெல்ஜியத் தொழிலாளரை ஜெர்மானியர் நாடு கடத்தியதைக் கண்டித்ததற்காக 1916-இல் சிறைப்பட்டார். போர் முடிந்ததும், லாக்கனில் அவர் உருவாக்கிய ஃபெர்னான் தோனேயும், போல் கார்சே, ஜாக் மேர்ட் என்னும் இருவரும் தோள் கொடுக்க, இளம் தொழிலாளரைத் திரட்டினார். எதிர்ப்பும் வந்தது. தொழிலாளிக்கென்று தனி இயக்கம் கத்தோலிக்க இளைஞரைப் பிரித்துவிடும் என்று மேலோர் அஞ்சினர். பேராயர் மெர்சியேவும் தயங்கினார். 1925 மார்ச்சில் கார்டைன் உரோமை சென்று, பாப்பரசர் 11-ஆம் பத்திநாதரிடமே முறையிட்டார். தொழிலாளரை மீட்கத் தம்மைப் பலியாக்க வந்திருப்பதாக அவர் சொல்ல, மக்கள் திரளைப் பற்றித் தம்மிடம் பேச ஒருவர் வந்தாரே என்று பாப்பரசர் மகிழ்ந்து ஆசி வழங்கினார். 1961-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் வெளியிட்ட ‘மாத்தெர் எத் மாஜிஸ்த்ரா’ என்னும் திருமடல் அந்த மூன்று படிகளையும் திருச்சபைக்கு முழுவதும் பரிந்துரைத்தது. 1965-இல் பாப்பரசர் 6-ஆம் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார்.

பின்வரிசையில் அமர்ந்த குருவின் பயிற்சி எவ்வளவு ஆழம் சென்றது? இரண்டாம் உலகப் போர் அதைச் சோதித்துவிட்டது. தோனேயும் கார்சேயும் 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாக்காவ் வதைமுகாமில் மாண்டனர். பிரான்சு நாட்டில் ரென் நகரத்து அச்சுக்கூடத் தொழிலாளி மர்செல் காலோ, சிறு வயதிலேயே வேலைக்குச் சென்று, அச்சுக்கூடத்தின் கீழ்த்தரப் பேச்சுக்கிடையே தவித்தவர். இயக்கத்தில் சேர்ந்து குழுத் தலைவரானார். 1943-இல் கட்டாய வேலைக்காக ஜெர்மனியின் ஆயுதத் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டபோது, அங்குள்ள தோழரிடையே திருத்தூதுப் பணி செய்யப் போவதாகவே எண்ணிச் சென்றார். அங்கும் தோழரைச் சேர்த்து விளையாட்டு, நாடகம், திருப்பலி எல்லாம் ஏற்பாடு செய்தார். அளவு மீறிய கத்தோலிக்கன் என்பதே அவர் மேல் சாட்டப்பட்ட குற்றம். 1945 மார்ச் 19-ஆம் நாள், சூசையப்பர் திருநாளன்று, மவுட்ஹவுசன் முகாமில் 23-ஆம் வயதில் உயிர் நீத்தார். 1987-இல் பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பெற்றோர் பட்டம் அளித்தார்.

இயக்கத்தின் பிற்கால வரலாறு முழுவதும் ஒளிமயமானது என்று சொல்லோம். 1980-களில் அதன் உலக அமைப்பே இரண்டாகப் பிரிந்தது. ஐரோப்பாவில் முன்னிருந்த கூட்டமும் இன்றில்லை. நம்மிடையேயும் மூன்று சொற்கள் எஞ்சி, கேள்விகள் மறைந்த இடங்கள் உண்டு. கரும்பலகையில் அழகாக எழுதப்பட்டிருக்கும். பிள்ளைகள் வேலை செய்யும் இடத்தின் பெயரைக்கூட யாரும் கேட்டிரார். இதைப் பிறர் மேல் குற்றமாக எழுதவில்லை. நாமே அப்படி நடத்தியவர்கள்.

மாலை ஐந்து மணிக்குக் கோவிற்காவலர் திறவுகோலை அசைத்துக் காட்டினார். எழுந்து வெளியே வந்தோம். தூறல் போட்டது. எதிரிலிருந்த கடையில், அந்தக் கோவிலின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று வாங்கி, ட்ராம் நிறுத்தத்துக் கூரையடியில் நின்று ஞானமகனுக்கு எழுதினோம். வழக்கமாக நாம் எழுதும் புத்திமதி எதையும் எழுதவில்லை. “தம்பி, காலை ஷிப்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்? பகல் சாப்பாடு எங்கே? உனக்கு இடப்பக்கம் நிற்பவர் பெயர் என்ன, எந்த ஊர்? அந்த ஓவர்டைம் கணக்கு என்னவாயிற்று? எல்லாம் விவரமாக எழுது. ஊர் திரும்பியதும் நான் உன் வீட்டுக்கு வருகிறேன். நீ பேசு, நான் கேட்கிறேன்.” அட்டையில் இடம் முடிந்துவிட்டது. முகவரியை ஓரத்தில் நெருக்கி எழுதித் தபால் பெட்டியில் போட்டோம்.