ஆற்றுப்படுத்தும் வேலை

நம் அலுவலகங்களில் ‘டெஸ்பாட்ச்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். உறைகளுக்கு எண் இட்டு, பதிவேட்டில் ஏற்றி, அஞ்சல்தலை ஒட்டி அனுப்பும் மேசை அது. ஆகவே டல்லாஸில் வாழும் என் அக்காவின் மகள், பொறியியல் பட்டம் பெற்ற கையோடு ‘ஏர்கிராஃப்ட் டிஸ்பாட்சர்’ பயிற்சியில் சேரப்போவதாகச் சொன்னபோது அத்தான் மனம் நொந்துபோனதில் வியப்பில்லை. விமானத்துக்கு அஞ்சல்தலை ஒட்டும் வேலைக்கா இவ்வளவு செலவழித்தேன் என்று தொலைபேசியில் என்னிடம் கேட்டார். அந்தக் கோடை விடுமுறையில் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். மாலைதோறும் அவளுடைய பாடங்களைக் கேட்டு ஒப்பிக்கச் செய்யும் பொறுப்பு, தமிழாசிரியன் என்ற தகுதியால், எனக்கு வந்து சேர்ந்தது. அப்போது அறிந்துகொண்ட சிலவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் கால அட்டவணைப்படி பறக்கும் பயணிகள் விமானம் ஒன்று தரையை விட்டு எழ, விமானியின் சம்மதம் மட்டும் போதாது. தரையில், பெரும்பாலும் வேறொரு நகரத்தில், கணினித் திரைகளுக்கு முன் அமர்ந்திருக்கும் உரிமம் பெற்ற டிஸ்பாட்சரும் அந்தப் பயண ஆணையில் கையொப்பமிட வேண்டும். இப்பயணம் பாதுகாப்பாக முடியும் என்று இருவரும் நம்பினால் மட்டுமே கையொப்பமிடலாம் என்கிறது விதி. எந்த வழியில் போவது, எந்த உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, இறங்க முடியாவிட்டால் எங்கே திரும்புவது எனக் கணக்கிடுவது அவர் வேலை. விமானம் இறங்கும்வரை அதைக் கண்காணித்துக்கொண்டிருப்பதும் அவர் வேலைதான். பாதுகாப்பின் பொறுப்பு இருவருக்கும் பொது. பறக்காதவருக்கும் பறப்பவருக்கும் சட்டம் ஒரே சுமையை ஏற்றிவைத்திருக்கிறது.

உரிமம் பெறக் குறைந்தது இருநூறு மணி நேரப் பயிற்சி வேண்டும். கல்லூரிப் பட்டம் தேவையில்லை. ஆனால் 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 80 வினாக்கள். 70 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. அதன்பின் ஒரு தேர்வாளர் எதிரே அமர்ந்து ஒரு பயணத்தை முழுமையாகத் திட்டமிட்டுக் காட்டி, அவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டும். வானிலையியல், சட்டவிதிகள், வழிகாணல், விமானத்தின் எடையும் சமநிலையும், நெருக்கடி மேலாண்மை என்று பாடங்கள் நீள்கின்றன.

எனக்குப் பிடித்தது வானிலைக் குறிப்பின் மொழி. நிலையம், நாள், நேரம், காற்றின் திசையும் வேகமும், பார்வைத் தொலைவு, மேகத்தின் உயரம், வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். சில எழுத்துகளில் பல பொருளைச் செறிய வைப்பதே சூத்திரம் என்று நன்னூலார் வகுத்த இலக்கணத்தை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதற்கு இவ்வளவு பொருத்தமான உதாரணம் இதுவரை கிடைத்ததில்லை. மூடுபனியின் மெல்லிய வகைக்கு ‘பி-ஆர்’, ஆலங்கட்டிக்கு ‘ஜி-ஆர்’. ஆங்கிலத்தில் இவை எந்தச் சொல்லின் சுருக்கம் என்று தேடினால் கிடைக்காது; இரண்டும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தவை. இவையும் திசைச்சொற்கள்தாம் என்றேன். “மாமா, இது பரீட்சையில வராது” என்று சிரித்தாள்.

பயிற்சியின் சாரம் இந்தச் சுருக்கெழுத்துகளில் இல்லை. போகுமிடம் நம்மை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம் என்பதை எப்போதும் நினைவில் வைத்திருப்பதே அதன் சாரம். உள்நாட்டுப் பயணத்துக்கான விதி ஒன்றைச் சொல்கிறேன். விமானம் சேரவேண்டிய நேரத்துக்கு ஒரு மணி முன்பிருந்து ஒரு மணி பின்புவரை, மேகத்தின் அடிமட்டம் நிலையத்துக்கு மேல் 2000 அடிக்கும் பார்வைத் தொலைவு 3 மைலுக்கும் குறையாது என்று வானிலை முன்னறிவிப்பு சொல்ல வேண்டும். இல்லையேல் மாற்று நிலையம் ஒன்றைக் குறித்தாக வேண்டும். அப்போது போகுமிடம் வரை, அங்கிருந்து மாற்று நிலையம் வரை, அதற்கும் மேல் 45 நிமிடம் பறக்க என எரிபொருள் இருக்க வேண்டும். கூடுதல் எரிபொருள் கூடுதல் எடை. கூடுதல் எடை கூடுதல் செலவு. செலவைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடி எந்த நிறுவனத்திலும் இருக்கும்.

அந்த நெருக்கடிக்கு இணங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 நவம்பர் 28 சாட்சி. பொலிவியாவின் சாண்டா குரூஸ் நகரிலிருந்து கொலம்பியாவின் மெடலின் நகருக்கு, பிரேசில் நாட்டுக் கால்பந்துக் குழு ஒன்றை ஏற்றிச்சென்ற லாமியா நிறுவன விமானம் எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தனர். அதன் பயணத் திட்டத்தில் பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிடம் என்று எழுதியிருந்தது. எரிபொருள் தாங்கும் நேரமும் அதே 4 மணி 22 நிமிடம். புறப்படுமுன் விமான நிலைய அதிகாரி ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியதாகவும், நிறுவனத்தின் டிஸ்பாட்சர் சமாளித்துக்கொள்வோம் என்று பதில் சொன்னதாகவும் பின்னர் செய்திகள் வந்தன. அந்த டிஸ்பாட்சரும் அதே விமானத்தில் சென்று இறந்தார். இரண்டு இடங்களில் ஒரே எண். என் அக்கா மகள் அந்தப் பக்கத்தின் நகலைக் காட்டியபோது, கணக்கே தெரியாத எனக்கும் உடல் சிலிர்த்தது.

அன்றிரவு எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே, பாம்பு ஒளிந்திருக்கும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், வழுக்கும் பாறை எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். ஆற்றுப்படையைப் புரவலர் புகழாகவே வகுப்பில் நடத்திவந்தோம். அது பயணத்தின் இடர்களை முன்கூட்டி எண்ணிப்பார்க்கும் கலையும்கூட. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தன் வழியைச் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறான். கேட்டவர் வழுக்கி விழுந்தால் அவனைக் கேட்பாரில்லை. டிஸ்பாட்சர் அப்படிப் போய்விட முடியாது. மற்றொன்று, கூத்தன் அந்த வழியில் நடந்து வந்தவன். இவர்களோ ஆண்டுக்கு ஐந்து மணி நேரமாவது விமானி அறையில் அமர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று விதி வைத்து அக்குறையை ஈடுசெய்கிறார்கள்.

இப்போது வழியையும் எரிபொருளையும் கணினியே கணக்கிட்டுத் தந்துவிடுகிறது; பிறகு மனிதர் எதற்கு என்று அத்தான் ஒருநாள் கேட்டார். அவள் விதிநூலை எடுத்து ஒரு சொல்லைக் காட்டினாள். டிஸ்பாட்சரின் ‘கருத்தில்’ அல்லது விமானியின் ‘கருத்தில்’ பயணம் பாதுகாப்பற்றது என்றால் அதை நிறுத்துவது டிஸ்பாட்சரின் பொறுப்பு என்று இருந்தது. எண்களால் நிறைந்த நூலில், ஒரு மனிதரின் கருத்துக்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அத்தான் அதை இரண்டு முறை படித்தார். “இருபது வருஷம் ஓட்டின கேப்டன்கிட்ட நீ வேண்டாம்னு சொல்லிடுவியாம்மா?” என்று கேட்டார். “அதுக்குத்தானேப்பா சம்பளம்” என்றாள்.

அவள் தேர்ச்சி பெற்று, சிறிய விமான நிறுவனம் ஒன்றில் இரவுப் பணியில் சேர்ந்தாள். சேர்ந்த சில மாதங்களில், இடிமழை சூழ்ந்த ஓரிரவு, ஒரு விமானத்தைப் புறப்பட விடாமல் நிறுத்தினாள். விமானிக்கு அதில் முழு உடன்பாடில்லை. பயணிகள் விடியும்வரை நாற்காலிகளில் உறங்கினார்கள். காலையில் மேலாளர் விளக்கம் கேட்டார். விமானம் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போதும் சிலர் சொல்கிறார்களாம். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நிகழாத விபத்துக்குச் சாட்சி கிடையாது. அதைத் தடுத்தவருக்குச் சான்றிதழும் கிடையாது. அந்த நிச்சயமின்மையோடு அடுத்த இரவும் பணிக்குப் போய், அடுத்த ஆணையில் கையொப்பமிடுவதுதான் அந்த இருநூறு மணி நேரத்தில் எவராலும் கற்பிக்க முடியாத பாடம் என்று எண்ணிக்கொள்கிறேன்.