அயலார் பட்டறை

கேரளப் பள்ளிகளின் அறிவியல் விழாவான சாஸ்திரோத்சவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பிரவிருத்தி பரிசய மேளா என்னும் கைவேலைப் போட்டி. அறிவியல் அரங்கிலும் கணித அரங்கிலும் கூட்டம் நெரியும். நான் நேரே குடை செய்யும் பிள்ளைகளிடம் போய்விடுவேன். மூன்று மணி நேரத்தில், அங்கேயே உட்கார்ந்து, செய்து முடிக்க வேண்டும். ஒருத்தி கயிற்று மிதியடி பின்னுவாள். பக்கத்தில் ஒருவன் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றுவான். ஊதுபத்தி உருட்டுவார்கள், தாழை ஓலையில் பை முடைவார்கள், பலகையில் வயரிங் செய்து விளக்கை எரிய வைப்பார்கள். புத்தகம் கட்டுவதற்கும் ஒரு போட்டி உண்டு. திருவனந்தபுரம் கரமனையில் சிறிய அச்சகம் நடத்துகிறவன் என்பதால் அங்கே கூடுதல் நேரம் நிற்பேன். அந்தப் பிள்ளைகளின் கைச்சுத்தம் மனதை நிறைத்துவிடும்.

ஆனால் அந்தப் புத்தகத்தை அவர்களிடம் கேட்டவர் யாரும் இல்லை. நாளைக் காலைக்குள் வேண்டும் என்று வாசலில் வந்து நிற்பவர் இல்லை, அட்டை கோணலாக இருக்கிறது என்று திருப்பித் தருபவரும் இல்லை. வேலையில் பாதி கைத்திறன் என்றால் மீதிப் பாதி, அதற்காகக் காத்திருக்கும் இன்னொரு மனிதர். அந்த மீதிப் பாதியைக் கற்க, பிள்ளை பள்ளியின் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

கேரளம் இதற்கு ஒரு வழி செய்தது. 1983-84இல் 19 பள்ளிகளில் தொழிற்கல்வி மேல்நிலைப் பிரிவு தொடங்கியது. இன்று 389 பள்ளிகளில் இருக்கிறது. சாலைக் கடைத்தெருப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியும் அவற்றில் ஒன்று. வி.எச்.எஸ்.இ. என்றால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். அதில் ஓ.ஜே.டி. என்று ஒரு பகுதி உண்டு: பிள்ளைகள் பால் பண்ணைக்கும், மருத்துவ ஆய்வகத்துக்கும், கணினி பழுது பார்க்கும் கடைக்கும் போய் வேலை நடக்கும் இடத்திலேயே பயிலுவார்கள். கிராஃபிக் டிசைன் படிப்பவர்கள் என்னிடம் வருவார்கள்.

வந்ததும் கணினி முன்னால் உட்காரத்தான் துடிப்பார்கள். நான் முதலில் பைண்டிங் மேசைக்கு அனுப்புவேன். அங்குள்ள அக்கா பாரம் மடிக்கச் சொல்லிக்கொடுப்பார். பதினாறு பக்கம் ஒரு பாரம். விரித்த தாளில் பக்கங்கள் தலைகீழாகவும் முன்பின்னாகவும் கிடக்கும். மூன்று மடிப்பு மடித்தால் ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசையாக வந்து நிற்கும். தன் கையால் மடித்துப் பார்த்த பிள்ளை, திரையில் பக்கம் அமைக்கும்போது ஓரத்தில் ஏன் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று பிறகு கேட்பதில்லை. கட்டிங் மெஷின் பக்கம் மட்டும் அவர்களை விடுவதே இல்லை. விரலைக் கேட்கும் இயந்திரம் அது.

வந்தவர்களில் ஒரு பெண் வாய் திறக்கவே யோசிப்பாள். கல்யாணப் பத்திரிகை புரூஃப் ஒன்றைப் பார்க்கக் கொடுத்தேன். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அண்ணாச்சி, தமிழ்ல வியாழன்னு இருக்கு, மலையாளத்துல வெள்ளின்னு இருக்கு" என்றாள். "வீட்டுக்காரங்களுக்குப் போன் போட்டு நீயே கேளு மக்கா" என்றேன். நடுங்கியபடிதான் போட்டாள். மறுமுனையில் இருந்த பெரியவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு காலண்டரைப் பார்த்துவிட்டு, அவளுக்கு நன்றி சொன்னார். அதற்குப் பிறகு வாசலில் யார் வந்தாலும் அவள்தான் முதலில் எழுந்து பேசினாள்.

அவளுடைய அப்பா சாலைக் கடைத்தெருவில் சுமடு எடுப்பவர். அவள் அச்சகத்துக்குள் வந்தது பள்ளி அனுப்பியதால்தான். "நீங்களே ஒரு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளி கைகழுவியிருந்தால் எங்கே போயிருப்பாள்? எத்தனையோ பள்ளிகள் அப்படித்தான் படிவத்தை மட்டும் கொடுத்து அனுப்புகின்றன. டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவரின் மகன் டெக்னோபார்க்குக்குப் போகிறான், டாக்டர் மகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அப்பனுக்குத் திறந்த கதவு பிள்ளைக்கும் திறக்கிறது. மற்றப் பிள்ளைகள் தெருமுனைக் கடையில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரப் பள்ளி போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது என்றே நினைக்கிறேன். கையால் வேலை செய்யக் கற்பதில் இழிவு ஒன்றும் இல்லை. செருப்புத் தைப்பவர் மகனை அதே திண்ணைக்குத் திருப்பி அனுப்பியதுதான் கொடுமை. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம்கூட, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதே திண்ணைக்கு ஒரு வழி விட்டுவைத்திருக்கிறது.

நாகர்கோவில் சாலையில் இருக்கும் பாலராமபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர்கள் குழித்தறி போட்ட ஊர். அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெசவாளர் பிள்ளைகள் பலர் தறியை விட்டு வெளியேற நினைக்கிறார்கள். அவர்களை யாரும் பிடித்துவைக்கக் கூடாது. கேரள அரசுப் பள்ளிகளின் சின்ன வகுப்புப் பிள்ளைகள் உடுத்துவது கைத்தறிச் சீருடை. அதை உடுத்தி வளர்ந்த ஒரு வங்கி ஊழியரின் மகன் ஒரு வாரம் அந்தக் குழியில் காலை வைத்து உட்காரட்டும். நெசவாளரின் மகள் அதே வாரம் வங்கியில் உட்காரட்டும்.

ஜப்பானின் ஹியோகோ மாநிலம் 1998 முதல் நடுநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை ஐந்து நாள் வெளியே வேலைக்கு அனுப்புகிறது. கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்துக்கும், அங்கே ஒரு சிறுவன் செய்த கொலைகளுக்கும் பிறகு, பிள்ளைகளை ஊரோடு மறுபடி சேர்க்க வேண்டும் என்று தொடங்கியது அது. நம்முடைய 2020 தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் போகலாம் என்கிறது. போகட்டும். ஆனால் யார் யாரிடம் போவது என்பதைப் பள்ளியே தீர்மானிக்க வேண்டும். வீட்டில் அந்தத் தொழிலை அறிந்தவர் இல்லாத பிள்ளைக்கு அங்கே முதல் இடம் தர வேண்டும். டீ வாங்கி வரவும் கூட்டிப் பெருக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளும் கடைக்கு அடுத்த ஆண்டு பிள்ளையை அனுப்பக் கூடாது. விபத்துக் காப்பீடு இல்லாமல் எந்தப் பட்டறையிலும் விடக் கூடாது.

இன்னொன்று, பஸ் காசு. மாணவர் கன்செஷன் கார்டு வீட்டிலிருந்து பள்ளிக்கான பாதைக்குத்தான் செல்லும். என் அச்சகத்துக்கு அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி, தினமும் முழு டிக்கெட் எடுத்து வந்தாள். சுமடு எடுத்த கூலியிலிருந்து அவள் அப்பா கொடுத்த பணம் அது. ஓ.ஜே.டி. நாள்களுக்கு அதே கார்டில் இன்னொரு பாதையைச் சேர்த்து எழுதிக் கொடுக்கப் போக்குவரத்துத் துறை மனம் வைக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அதைச் செய்துவிட முடியும்.